பழைய கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்கு என்ன மென்பொருள் போட்டுக் கொடுக்கலாம்?

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும், இன்டெல் பிராசஸராக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இவை இல்லாத கம்ப்யூட்டர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் ஆபீஸ்களில் மூலைக்குப் போகின்றன. கோயம்புத்தூரிலும் பொள்ளாச்சியிலும் அப்படி ஒதுங்குபவற்றில் கொஞ்சம் வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக எல்லை தாண்டி கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவுக்குள் வருகின்றன. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் ஒரு வாயனசாலையோ (ஊர் நூலகம்) டியூஷன் சென்டரோ நடத்துகிறவருக்கு என்றாவது ஒரு போன் வரும். "ஆபீஸ்ல நாலு சிஸ்டம் சும்மா கெடக்குதுங்க சார், புள்ளைங்களுக்கு எடுத்துக்கறீங்களா?"

எடுத்துக்கொள்ளலாம். அதில் என்ன போட்டுக் கொடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இணையத்தில் தேடினால் குழந்தைகளுக்கான இலவச மென்பொருள் என்று நீளமான பட்டியல்கள் கிடைக்கும். அதை எழுதியவர் உங்கள் கையிலிருக்கும் பெட்டியையும் பார்த்ததில்லை, வீட்டில் தமிழ், வகுப்பில் தமிழ், பஸ்ஸில் மலையாளம் என்று வளர்கிற இந்த ஊர்ப் பிள்ளையையும் பார்த்ததில்லை. பட்டியலிலிருந்து தொடங்கினால் எல்லாவற்றையும் ஏற்றுவோம், எதுவும் ஒழுங்காக ஓடாது. பெட்டி எவ்வளவு தாங்கும், பிள்ளை எந்த மொழியில் படிக்கிறது, பள்ளியில் எதைத் தொட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். பெரும்பாலும் ஆறேழு மென்பொருள் போதும்.

பெட்டி எவ்வளவு தாங்கும்?

தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான்: ரேம் எத்தனை ஜிபி, பிராசஸர் 32 பிட்டா 64 பிட்டா, உள்ளே இருப்பது பழைய சுற்றும் ஹார்ட் டிஸ்க்கா, சுற்றாத வேகமான எஸ்எஸ்டியா. விண்டோஸ் திறந்தால் மை கம்ப்யூட்டரை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். திறக்காவிட்டால் கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலிட், எஃப்2 போன்ற கீயைத் தட்டி பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போனால் ரேமும் பிராசஸர் பெயரும் தெரியும்.

இங்கே பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் 7 இருக்கிற கம்ப்யூட்டரில் '32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, பெட்டியே 32 பிட்தான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்த வரி உள்ளே போட்டிருக்கும் விண்டோஸைப் பற்றியது. 2006-க்குப் பிறகு வந்த கோர் 2 டுவோ பிராசஸர்கள் எல்லாமே 64 பிட். கடைக்காரர் அன்று கையிலிருந்த 32 பிட் சிடியைப் போட்டுவிட்டுப் போயிருப்பார், அவ்வளவுதான். 4 ஜிபி ரேம் மாட்டியிருந்தும் 3 ஜிபி சொச்சம்தான் பயன்படுகிறது என்று காட்டினால் பெரும்பாலும் இதுதான் கதை. அதே சமயம் 2008 வாக்கில் வந்த சின்ன நெட்புக்குகளில் இருந்த ஆட்டம் என்270 நிஜமாகவே 32 பிட். பிராசஸர் பெயரைக் குறித்துக்கொண்டு தேடினால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், 32 பிட் கம்ப்யூட்டருக்கான கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸில் பல பதிப்புகள் உண்டு. அவற்றில் உபுண்டு 32 பிட்டைப் பல வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டது. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பெட்டியில் புதிதாக நிறுவ வழியில்லை. டெபியன் 12-ஐயோ, அதை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23-ஐயோதான் நாட வேண்டும். ஆன்டிஎக்ஸ் 512 எம்பி ரேமிலும் எழுந்து நிற்கும். 64 பிட், 2 ஜிபி ரேம் என்றால் எம்எக்ஸ் லினக்ஸ், லுபுண்டு, அல்லது எல்எக்ஸ்டிஇ என்ற லேசான திரை அமைப்பு போட்ட டெபியன் நன்றாகவே ஓடும். 4 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடலாம். அதற்குமேல் யோசிக்கத் தேவையில்லை.

செலவு செய்ய ஏதாவது காசு இருந்தால் முதல் காசு எஸ்எஸ்டிக்குப் போகட்டும், அடுத்தது ரேமுக்கு. பழைய டெஸ்க்டாப்புக்கு 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியே தாராளம். ஆன் செய்துவிட்டு டீ குடித்து வரலாம் என்றிருந்த கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்துக்குள் திறந்துவிடும். ரேம் வாங்கும்போது டிடிஆர்2-வா டிடிஆர்3-யா என்று பார்த்து, பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதே பத்திரம்.

பிரவுசரை நம்பி இறங்காதீர்கள்

இப்போது 'கல்வி மென்பொருள்' என்று சொல்லப்படுபவற்றில் பாதிக்கு மேல் இணையதளங்கள்தான். பிரவுசரில் திறக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டருக்கு இதுதான் பெரிய எதிரி. 2 ஜிபி ரேமில் பிரவுசரைத் திறந்து, ஒரு வீடியோவும் இன்னொரு பக்கமும் ஓடவிட்டால் மவுஸ் நகராமல் நின்றுவிடும். பிள்ளை இரண்டு தடவை தட்டிப் பார்க்கும், மூன்றாவது தடவை பவர் பட்டனை அமுக்கிவிடும். அதே கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே நிறுவிய ஓவிய மென்பொருளோ கணக்கு விளையாட்டோ எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். ஆகவே என் முதல் வடிகட்டி: இணையம் இல்லாமல் இது திறக்குமா? திறக்காது என்றால் அது இரண்டாம் வரிசை.

பழைய பள்ளி சிடிகளை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் ஒரு எச்சரிக்கை. அவற்றில் பல ஃப்ளாஷ் என்ற தொழில்நுட்பத்தில் செய்தவை. அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃப்ளாஷை நிறுத்திவிட்டது, அடுத்த மாதமே ஃப்ளாஷ் பிளேயர் தானாக இயங்க மறுக்கும்படியும் செய்துவிட்டது. அந்த சிடிகளை ஓட்டிப் பார்க்க நேரம் செலவழிக்க வேண்டாம்.

தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா?

தமிழ்நாட்டுக்குள் இருந்துகொண்டு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எல்லைப் பக்கத்தில் இதுதான் முக்கால்வாசி வேலை.

லேசான லினக்ஸ் பதிப்புகளில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக இந்திய மொழி எழுத்துருக்களை விட்டிருப்பார்கள். திறந்தவுடன் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். லோகித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருவை நிறுவினால் கட்டங்கள் போய்விடும். கையோடு மலையாளத்துக்கும் நிறுவிவிடுங்கள்.

கட்டம் போனதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. எந்த மென்பொருளில் பிள்ளை தமிழில் எழுதப் போகிறதோ அதில் 'கோழி', 'பௌர்ணமி', 'ஸ்ரீ' என்று அடித்துப் பாருங்கள். 'கோ' என்ற எழுத்தை கம்ப்யூட்டர் க, அதன் பின்னால் ஓகாரக் குறி என்று இரண்டு துண்டாகத்தான் வைத்திருக்கிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, இரட்டைக் கொம்பைக் க-வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் போட வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தெரியாத பழைய மென்பொருள் குறியை மொத்தமாக எழுத்துக்குப் பின்னால் தொங்கவிடும். பெரியவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தின் வடிவமே இப்போதுதான் மனதில் உட்காருகிறது. அதன் கண்ணில் பிழையான 'கோ' படுவதைவிட அந்த மென்பொருளே இல்லாமல் இருப்பது மேல்.

கீபோர்டு விஷயத்தில் என் பேச்சு சிலருக்குப் பிடிக்காது. தமிழ்நாட்டில் யார் கேட்டாலும் தமிழ்99 பழகுங்கள் என்பேன். உயிரெழுத்து பெரும்பாலும் இடது கையில், மெய் வலது கையில், புள்ளி பல இடங்களில் தானாக விழும், மிக நல்ல அமைப்பு. ஆனால் கேரளப் பள்ளியில் பிள்ளைகள் மலையாளம் அடிக்கப் பழகுவது இன்ஸ்கிரிப்ட் அமைப்பில். இன்ஸ்கிரிப்டில் ஒரு ஒலிக்கு எந்த இந்திய மொழியானாலும் ஒரே இடம். ஆங்கில கே இருக்கும் கீயில் தமிழ் க-வும் அங்கேதான், மலையாள க-வும் அங்கேதான். தமிழில் 'அம்மா' அடிக்கிற விரல்கள் கடைசிக் காலை மட்டும் விட்டுவிட்டால் மலையாளத்து 'அம்ம' வந்துவிடும். ஒரு பழக்கத்தில் இரண்டு மொழி. அதனால் சித்தூர் தாலுகாப் பிள்ளைக்கு நான் இன்ஸ்கிரிப்ட் தமிழையே போட்டுக் கொடுப்பேன். இரண்டு அமைப்பும் லினக்ஸில் இலவசமாகவே இருக்கின்றன, மாற்றிக்கொள்வது ஒரு நிமிட வேலை.

"விண்டோஸ் இல்லீங்களா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பெரும்பாலும் அம்மாக்கள் கேட்பார்கள். "என்னங்ணா, படம் எல்லாம் வேற மாதிரி இருக்குது, விண்டோஸ் இல்லீங்களா?" பதில் அவர்கள் பிள்ளையின் பள்ளியிலேயே இருக்கிறது. கேரள அரசின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கியது. பிறகு பள்ளிகளைப் படிப்படியாக லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. 2017-இல் அது கைட் என்ற நிறுவனமாக மாறியது. உபுண்டுவை அடிப்படையாக வைத்து கைட் தானே தயாரிக்கும் லினக்ஸ் பதிப்பில்தான் அரசுப் பள்ளி, எய்டட் பள்ளி கம்ப்யூட்டர் லேப்கள் ஓடுகின்றன, பத்தாம் வகுப்பு ஐடி பிராக்டிகல் தேர்வும் அதில்தான். ஐடி பாடப் புத்தகம் தமிழ் மீடியத்துக்குத் தமிழிலேயே அச்சாகிறது. விண்டோஸ் போட்டுக் கொடுத்தால்தான் பிள்ளை பள்ளியில் ஒன்று, இங்கே ஒன்று என்று குழம்பும்.

பொள்ளாச்சிப் பக்கத்து அக்கா மகனுக்கு இந்தப் பதில் பொருந்தாமல் போகலாம். இங்கே பொருந்தும்.

அப்படியானால் கைட் லினக்ஸையே எல்லாவற்றிலும் போட்டுவிடலாமே என்று தோன்றும். 4 ஜிபி ரேம் இருந்தால் தாராளமாகப் போடுங்கள், புத்தகத்தில் இருக்கிற படமும் திரையில் இருக்கிற படமும் ஒன்றாக இருக்கும். 2 ஜிபி பெட்டியில் அது மூச்சு வாங்கும். அதற்கு லேசான லினக்ஸைப் போட்டு, பள்ளியில் இருக்கிற அதே மென்பொருள்களில் முக்கியமானதை மட்டும் தனியாக நிறுவுவது நல்லது. கைட் பதிப்பில் இருக்கும் பல மென்பொருள்கள் எந்த லினக்ஸிலும் கிடைப்பவைதான்.

எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடமிருந்து தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்பும் சில சமயம் வரும். அவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸ் பதிப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். இப்போது இரண்டுமே பழசாகிவிட்டன. துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

எதைப் போடலாம்?

சின்னப் பிள்ளைகளிலிருந்து தொடங்குவோம். டக்ஸ் பெயின்ட். 2002-இல் பில் கென்ட்ரிக் தொடங்கிய ஓவிய மென்பொருள், மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை என்று சொல்கிறார்கள். எவ்வளவு பழைய பெட்டியிலும் ஓடும், தமிழிலும் வரும். ஆனால் எனக்கு இதைப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. படத்தைச் சேமிக்கும்போது 'எந்த ஃபோல்டர், என்ன பெயர்' என்று கேட்காது. சேமி என்றால் சேமித்துவிடும், திற என்றால் முன்பு வரைந்தவற்றைச் சின்னச் சின்னப் படமாகக் காட்டும். எழுதப் படிக்கத் தெரியாத அங்கன்வாடிப் பிள்ளையும் நேற்று வரைந்த யானையைத் தானே தேடி எடுத்துவிடும். பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த மென்பொருள் என்பது அங்கேதான் தெரிகிறது. ஒன்றை மறக்காதீர்கள். டெபியன் வகை லினக்ஸில் இதன் ஸ்டாம்ப் படங்கள் தனித் தொகுப்பு. விலங்கு, பழம், வண்டி என்று அச்சுப்போல் குத்துகிற அந்தப் படங்களை நிறுவாமல் விட்டால் பாதி மகிழ்ச்சி போய்விடும். முழுத் திரை, பிரின்ட் வேண்டாம் என்பதையெல்லாம் அதன் அமைப்பு மென்பொருளில் முதலிலேயே குறித்துவிடலாம்.

டக்ஸ் மேத் வாய்ப்பாட்டுக்கு. வானத்திலிருந்து எரிகற்கள் விழும், ஒவ்வொன்றிலும் 7 × 8 போல ஒரு கணக்கு. விடையை அடித்து என்டர் தட்டினால் கல் வெடிக்கும், தப்பினால் கீழே பென்குயின் வீடு போய்விடும். இதில் மொழிச் சிக்கலே இல்லை, எண்தான். தமிழ் மீடியமும் மலையாள மீடியமும் ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்து கத்திக்கொண்டு விளையாடும். சத்தம் பிடிக்காதவர்கள் வாயனசாலையில் வேறு நாளில் படிக்க வரவேண்டியதுதான்.

ஜிகாம்பிரிஸ் பெயரை ஆசிரியர்கள் பலரும் கேட்டிருப்பார்கள். 2000-இல் பிரான்சில் புருனோ கூடுவான் தொடங்கியது, இப்போது கேடிஇ என்ற இலவச மென்பொருள் திட்டத்தின் கீழ் இருக்கிறது. மவுஸ் பிடிக்கப் பழகுவதிலிருந்து கடிகாரம் பார்ப்பது, காசு எண்ணுவது, சதுரங்கம் வரை நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள் ஒரே இடத்தில். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். புதிய ஜிகாம்பிரிஸ் கிராஃபிக்ஸை நன்றாகவே உறிஞ்சும். பழைய இன்டெல் கிராஃபிக்ஸில் திரை கறுப்பாகவே நின்றால் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அதைத் திறக்கும் கட்டளையில் 'சாஃப்ட்வேர் ரெண்டரர்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் பிராசஸரே படத்தை வரைந்துகொள்ளும், வேகம் குறையும், ஓடும். அடுத்தது குரல். எழுத்தையும் சொல்லையும் வாய்விட்டுச் சொல்கிற ஒலிக் கோப்புகளை அது மொழிவாரியாக இணையத்திலிருந்து இறக்கும். இணையம் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்பே தமிழைத் தேர்ந்தெடுத்துத் திறந்து, எது தமிழில் வருகிறது, எது ஆங்கிலத்துக்குத் தாவுகிறது என்று பார்த்துவிட்டு, தாவுகிறவற்றைப் பிள்ளை பக்கம் காட்டாமல் விடுங்கள். அத்தனை பயிற்சியில் இருபது போதும். அதையும் ஒரு நாளில் காட்ட வேண்டியதில்லை.

வாசிப்புதான் நான் அதிகம் பேச விரும்புகிற இடம், ஆனால் அதற்கு மென்பொருள் என்று ஒன்றும் பெரிதாக வேண்டாம். ஒரு பிடிஎஃப் ரீடர் போதும். பிரதம் புக்ஸ் 2015-இல் ஸ்டோரிவீவர் என்ற கதைக் களஞ்சியத்தைத் திறந்தது. படக்கதைகள், எளியதிலிருந்து கடினத்துக்கு நான்கு நிலைகள், தமிழ், மலையாளம் உட்பட ஏராளமான மொழிகள், யாரும் எடுத்துப் பகிரலாம் என்ற உரிமத்தோடு. இணையம் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து பிடிஎஃப் ஆக இறக்கி பென் டிரைவில் கொண்டுவந்துவிடலாம். 1 ஜிபி ரேம் உள்ள பெட்டியும் பிடிஎஃப்பைத் திறக்கும்.

எல்லைப் பக்கத்துக்கு இதில் ஒரு கூடுதல் லாபம். பல கதைகள் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கின்றன, படம் ஒன்று, எழுத்து வேறு. இரண்டையும் ஒரே ஃபோல்டரில், பெயரின் முடிவில் தமிழ், மலையாளம் என்று போட்டு வைத்தேன். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு, தமிழில் ஒரு பக்கம், மலையாளத்தில் அதே பக்கம் என்று விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். மலையாளத்தில் தட்டுகிற இடத்தில் தமிழை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். பக்கத்தில் இருந்த மலையாள மீடியம் பையன் எதிர்த் திசையில் அதையே செய்தான். எந்த விலையுயர்ந்த 'மொழி கற்கும் ஆப்'பும் இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமாக எதையும் செய்துவிடாது. கதைகளைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் நிலையில் கொஞ்சம் அதிகமாகவே எடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இரண்டாவது மொழியில் அது தேவைப்படும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு கிவிக்ஸ். விக்கிப்பீடியாவை முழுதாக ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு இணையமில்லாமல் தேடிப் படிக்க உதவும் மென்பொருள் இது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கி இப்போது ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகளோடு இருக்கிறது. படத்தோடு ஒரு கோப்பு, படமில்லாமல் சிறியதாக ஒரு கோப்பு என்று கிடைக்கும். ஹார்ட் டிஸ்க் இடத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளக் கோப்பும் இருக்கிறது. புராஜெக்ட் எழுதக் கடைக்குப் போய் பிரின்ட் வாங்கி ஒட்டுகிற பழக்கம் இதனால் ஒழியும் என்று சொல்ல மாட்டேன், குறையும்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் கணக்குக்கு ஜியோஜீப்ரா. வட்டம், முக்கோணம் வரைந்து முனையை இழுத்தால் கோணங்கள் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம், கேரளப் பாடத்திலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இதில் கிளாசிக் 5, கிளாசிக் 6 என்று இரண்டு உண்டு. 6 பிரவுசரை உள்ளே பொதிந்துகொண்டு வருவது. பழைய பெட்டிக்கு 5. வணிகம் அல்லாத பயன்பாட்டுக்குத்தான் இது இலவசம், ஆகவே காசு வாங்கி நடத்துகிற டியூஷன் சென்டர்கள் உரிமத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

நிரல் எழுதப் பழக எல்லாரும் ஸ்கிராட்ச் கேட்பார்கள். 2019 ஜனவரியில் வந்த ஸ்கிராட்ச் 3 ஒரு வகையில் பிரவுசர்தான், 4 ஜிபி இல்லாமல் போட்டால் பிள்ளைக்கு எரிச்சல்தான் மிஞ்சும். 2 ஜிபி பெட்டியில் கேடர்ட்டில் (KTurtle) என்ற மென்பொருளைப் போடுங்கள். ஆமையை முன்னால் போ, திரும்பு என்று கட்டளையிட்டு கோலம் வரையலாம். லிப்ரே ஆபீஸ் ரைட்டருக்குள்ளேயே லிப்ரேலோகோ என்று இதே வேலையைச் செய்யும் கருவிப்பட்டை 2013-லிருந்து இருக்கிறது. எப்படியும் கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸ் போடத்தான் போகிறீர்கள். வானியல் மென்பொருள் ஸ்டெல்லேரியம் அழகு, ஆனால் அதன் புதிய பதிப்பு கோர் 2 டுவோ காலத்து கிராஃபிக்ஸில் மக்கர் பண்ணும். ஃபெட் என்ற அறிவியல் சோதனைத் தொகுப்பும் நல்லதுதான், பிரவுசரைத் தாங்குகிற பெட்டியில் மட்டும்.

ஒரு பெட்டியை முழுதாகச் செய்யுங்கள்

நாலைந்து கம்ப்யூட்டர் வந்திருந்தால் ஒவ்வொன்றாக உட்கார்ந்து நிறுவாதீர்கள். முதலில் பழைய ஆபீஸின் கணக்கு வழக்கு, ஆதார் நகல் எல்லாம் போகும்படி எல்லா டிஸ்க்கையும் முழுதாக அழியுங்கள். வெறும் டெலிட் போதாது, என்வைப் (nwipe) போன்ற கருவியால் ஒருமுறை மேலெழுத வேண்டும். பிறகு ஒன்றில் லினக்ஸ், எழுத்துரு, கீபோர்டு, மென்பொருள், கதை ஃபோல்டர் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்து, பிள்ளைகளை ஒரு வாரம் அதில் மேயவிடுங்கள். அவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்துச் சரிசெய்தபின் குளோன்சில்லா கொண்டு அந்த டிஸ்க்கை அப்படியே மற்றவற்றுக்கு நகலெடுக்கலாம். நகல் ஏறுகிற டிஸ்க் மூல டிஸ்க்கின் அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கான கணக்கு வேறு, மென்பொருள் நிறுவும் அதிகாரம் உள்ள கணக்கு வேறு என்று பிரித்து, இரண்டாவதன் பாஸ்வேர்டை லைப்ரேரியனும் இன்னொருவரும் வைத்திருக்கட்டும்.

அடிக்கடி வரும் ஒரு புகார்: "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு மாஷே, இன்னைக்கு எந்த வெப்சைட்டும் தொறக்கல, பாதுகாப்பு இல்லைங்குது." உடனே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்க வேண்டாம். திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். 2009, 2010 என்று காட்டும். மதர்போர்டில் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோனால் கரண்ட் போகிறபோதெல்லாம் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பிவிடும். இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று இருப்பதால், பிரவுசர் அதை நம்ப மறுக்கிறது. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கிற பேட்டரிதான். தானமாக வந்த பெட்டி ஒவ்வொன்றிலும் முதல் நாளே இதை மாற்றிவிடுவது என் வழக்கம்.

வேண்டாம் என்று சொல்லவும் வேண்டும்

தானம் என்று வருவதையெல்லாம் வாங்கி வைத்தால் வாயனசாலை குடோனாகிவிடும். மதர்போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருந்தாலோ, பவர் சப்ளை தீய்ந்த வாசனை அடித்தாலோ, ரேம் 512 எம்பிக்குக் கீழே இருந்தாலோ அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முயல வேண்டாம். சார்ஜர் இல்லாத லேப்டாப்பை வாங்கும்போதே "சார்ஜரும் சேத்துக் கொடுங்க" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அந்த மாடலுக்குத் தனியாகத் தேடுவது ரேம் விலையைத் தாண்டிவிடும். பழைய குண்டு மானிட்டரை மரியாதையாக மறுத்துவிடுங்கள். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, இடமும் கரண்டும் தின்னும், 800 × 600 திரையில் இன்றைய மென்பொருள் பலவற்றின் ஓகே பட்டனே கீழே மறைந்துவிடும்.

ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்ட உதவாத பெட்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்தால் தாமிரத்துக்காக ஒயரை வெளியில் போட்டு எரிப்பார்கள். பஞ்சாயத்தில் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனாக்காரர்களிடம் இ-வேஸ்ட் எப்போது, எங்கே எடுக்கிறார்கள் என்று விசாரித்து அங்கே ஒப்படையுங்கள். கொடுப்பதற்கு முன் ரேம், பவர் கேபிள், சாட்டா கேபிள், மவுஸ் இவற்றைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, ரேம் எந்த வகை என்று அதன்மேல் எழுதி வையுங்கள்.